மூன்று எண்ணும் விளக்கு

இது நடந்தது. யாரோ சொன்னார்கள், யாருக்கோ நடந்ததாம் என்கிற ரகம் இல்லை. என் சொந்த அண்ணிக்கு நடந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அண்ணி வேலை பார்க்கும் ஆபீஸின் கம்ப்யூட்டர் பதிவை நிமிடவாரியாக அச்செடுத்து நானே வைத்திருக்கிறேன். கீழே நான் சொல்லும் நேரங்களில் பாதி அதிலிருந்து எடுத்தவை. மீதி அண்ணியின் கைக்கடிகாரத்தில் பார்த்தவை.

பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், மழை வேண்டும் என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இது ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அண்ணி பயந்தாங்கொள்ளி இல்லை. கரப்பான்பூச்சியைப் பார்த்து அண்ணனும் நானும் கட்டில் மேல் ஏறினால், அவள் செருப்பைத் தேடுவாள். வேலையும் அப்படித்தான். ஏணி, ஸ்க்ரூடிரைவர், ஒயர். பெரிய கட்டடங்களில் சின்னச் சின்ன சென்சார்களைப் பொருத்துவது அவள் கம்பெனியின் தொழில். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஒயர் கிடையாது, பேட்டரியில் ஓடும். அறையில் எவ்வளவு சூடு, எவ்வளவு குளிர், கதவு திறந்திருக்கிறதா, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று அவை காற்றிலேயே சேதி அனுப்பும். ஆபீஸில் ஒருவன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். ஆளில்லாத அறையில் விளக்கு தானாக அணையும். கரண்ட் மிச்சம்.

திரைக்கு முன்னால் உட்காரும் பையனுக்கு ஆபீஸில் வைத்த பெயர் ஆந்தை. கண் இமைக்காமல் பார்ப்பானாம்.

ஊருக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கு. மொத்தம் எட்டு அறைகள். அதன் முதலாளிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: யூனிட். யார் எதைச் சொன்னாலும், "அதுக்கு எத்தனை யூனிட் ஆகும்?" என்பார். பேத்தி பிறந்த சேதிக்கும் வாய் தவறி அதையே கேட்டார் என்று ஆபீஸில் சொல்லிச் சிரிப்பார்கள். அவருடைய எட்டு அறைகளுக்கும் அண்ணிதான் சென்சார் பொருத்தினாள். கரண்ட் பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. யூனிட் குளிர்ந்து போனார்.

ஆறாம் அறை மட்டும் அடங்கவில்லை. பூட்டிய அறைக்குள் ஆள் இருப்பதாகச் சென்சார் சொன்னது. விளக்கு எரிந்தது. போய்த் திறந்து பார்த்தால் யாரும் இல்லை. அண்ணி சென்சாரை மாற்றினாள். புதியதும் அதையே சொன்னது. யூனிட் தினமும் போன் போட்டு உயிரை எடுத்தார்.

"சண்டே லோடு கிடையாது. யாரும் உள்ள போக மாட்டாங்க. அன்னிக்கு வந்து முடிச்சுக் குடுத்துடறேன் சார்" என்றாள் அண்ணி.

அன்று கிளம்பும்போது என் அண்ணன் மகள் கையில் கத்தரிக்கோலோடு வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்துக்கு அட்டையில் வீடு செய்து கொண்டுபோக வேண்டும்.

"நாலு மணிக்கு வந்துடுவேன் பாப்பா. கூரையை மட்டும் நீ வெட்டாதே, கோணலாயிடும்."

அண்ணி போய்ச் சேர்ந்தபோது மணி 2:05. கிடங்கில் காவலாளி ஒருவர் மட்டும். அறுபது வயதிருக்கும். வெளிக்கதவைத் திறந்துவிட்டார். கனமான குளிர்கோட்டு, கையுறை, தொப்பி, முகத்துணி எல்லாம் எடுத்துக் கொடுத்தார். ஆறாம் அறைச் சாவியை அவள் கையில் வைத்தார்.

"நீங்க போங்கம்மா. நான் கேட்ல இருக்கேன்."

"ஒரு மணி நேரத்துல வந்துடுவேங்க."

உள்ளே போவதற்கு முன் அண்ணி ஆந்தைக்குப் போன் செய்தாள். பதிவில் இருக்கிறது, 2:14.

"ஆறாம் ரூம் அலாரத்தை நிறுத்தி வைடா. சென்சாரைக் கழட்டி மாட்டப் போறேன். இல்லன்னா உனக்குக் கத்திக்கிட்டே இருக்கும்."

"நிறுத்திட்டேன்க்கா. நான் சாப்பிடப் போகட்டுமா?"

"போய்ச் சாப்பிடு."

அறை நாற்பது அடி நீளம். மைனஸ் பதினெட்டு டிகிரி. இரு பக்கமும் மரப் பலகைகளின் மேல் அட்டைப்பெட்டிகள், பட்டாணி. நடுவில் ஒரு ஆள் நடக்கும் வழி. தரையெல்லாம் வெள்ளையாகப் பனித்தூள். கதவு ஒரு சாண் தடிமன். தானாகச் சாத்திக்கொள்ளும் என்பதால் கீழே ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டுத்தான் அண்ணி உள்ளே போனாள். பழகியவள், மறக்க மாட்டாள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஏணியைப் போட்டு ஏறினாள். ஆள் இருப்பதைக் காட்டும் சென்சாரைக் கழற்றினாள். பேட்டரி நன்றாக இருந்தது. ஒயரில் கோளாறு என்று சொல்ல ஒயரே இல்லை. புதியதை மாட்டினாள்.

2:31. கதவு சாத்திக்கொண்ட சத்தம்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ரப்பர் விளிம்பு ஒட்டிக்கொள்ளும், அந்த 'புஸ்'.

இறங்கிப் போய்ப் பார்த்தாள். கட்டை வெளியே தங்கிவிட்டது. எப்படி நகர்ந்தது என்பது இன்றுவரை தெரியாது. அண்ணி பதறவில்லை. இந்த மாதிரி அறைகளில் உள்பக்கம் ஒரு சிவப்புக் குமிழ் இருக்கும். உள்ளே மாட்டியவர் அதை அழுத்தினால் வெளித்தாழ் விடுபடும். அழுத்தினாள்.

குமிழ் கையோடு வந்துவிட்டது.

உள்ளே தண்டு முறிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினாள். ஓட்டைக்குள் பனி கல்லாக இறுகியிருந்தது. தோளால் இடித்தாள். சுவரை இடிப்பது போலத்தான் இருந்தது.

போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. நான்கு பக்கமும் தகடு, எப்படி வரும்? சென்சார்களின் சேதியை வெளியே கடத்தக் கூரையில் ஒரு சின்ன ஆன்டெனா உண்டு, அது போனுக்கு உதவாது. 43 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன், இரண்டாவது முறை எடுத்தபோது குளிரில் செத்திருந்தது.

2:44. விளக்கு அணைந்தது.

அண்ணிக்கு ஏன் என்று உடனே புரிந்தது. இந்தச் சென்சார் ஆளைப் பார்ப்பது உடம்புச் சூட்டை வைத்துத்தான். அவளோ தலைமுதல் கால்வரை குளிர்கோட்டுக்குள் இருக்கிறாள். சூடு வெளியே வரவில்லை. மூன்று நிமிடம் அசையாமல் நின்றால், அவள் கையால் மாட்டிய சென்சார் கணக்கில் அவள் அங்கே இல்லை.

ஒரு கையுறையைக் கழற்றி வெறுங்கையை ஆட்டினாள். விளக்கு எரிந்தது.

'நல்லா மாட்டுனேடி' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாளாம். அப்போதும் சிரிப்பு மிச்சமிருந்தது.

காவலாளி வந்து பார்ப்பார். ஆனால் ஒரு மணி நேரம் என்று சொல்லியிருக்கிறாள். அவர் அதைக் கணக்கு வைத்துக்கொண்டு வருவாரா? கதவைத் தட்டினாள். கேட் இருநூறு அடிக்கு அப்பால். கேட்க வாய்ப்பில்லை.

அப்போதுதான் கதவுச் சென்சார் கண்ணில் பட்டது. அது இரண்டு துண்டாக இருக்கும். நிலையில் ஒரு பெட்டி, கதவில் ஒரு சின்னக் காந்தம். காந்தம் விலகினால் 'கதவு திறந்தது' என்று ஆபீஸுக்குச் சேதி போகும். ஒட்டினால் 'மூடியது'. கதவு மூடியே இருக்கட்டும், காந்தத்தை மட்டும் பெயர்த்து எடுத்தால்? சேதி போகும். அலாரம் அடிக்காதுதான். ஆனால் ஆந்தை சாப்பிட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தால், திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது என்று வரிசையாக ஓடும். அவனுக்குப் புரியாமல் போகாது. ஆபீஸிலிருந்தே எந்த அறை விளக்கையும் அவனால் அணைத்துப் போட முடியும். பார்த்துவிட்டால் அப்படிச் சைகை காட்டுவான்.

2:51. ஸ்க்ரூடிரைவரால் காந்தத்தைப் பெயர்த்தாள். பெட்டிக்கு அருகே கொண்டுபோனாள், விலக்கினாள். கொண்டுபோனாள், விலக்கினாள்.

பதிவில் நாற்பத்தொரு வரிகள் இருக்கின்றன. நான் எண்ணிப் பார்த்தேன்.

2:58. விளக்கு அணைந்தது.

கையை ஆட்டிக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. இருட்டு.

ஒன்று... இரண்டு... மூன்று...

எரிந்தது.

"பாத்துட்டான்!" என்று அண்ணி கத்தியேவிட்டாள். "டேய் ஆந்தை, உனக்கு நான் கோயில் கட்டறேன்டா!"

காந்தத்தை ஒருமுறை விலக்கி ஒட்டினாள். வாய்விட்டுக் கேட்டுக்கொண்டேதான் செய்தாள். "ஆளை அனுப்பிட்டியா?"

அணைந்தது. ஒன்று... இரண்டு... மூன்று... எரிந்தது.

சரி, ஆமாம் என்கிறான். அனுப்பிவிட்டான். கேட்டிலிருந்து காவலாளி வர ஐந்து நிமிடம் போதும்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது.

3:09. "வர்றாங்களா?"

அணைந்தது. மூன்று எண்ணும் நேரம். எரிந்தது.

மூக்கின் உள்ளே முடி உறைந்து குத்தியது. இமைகள் ஒன்றோடொன்று ஒட்டின. காந்தம் பிடிப்பதற்காகக் கழற்றிய வலது கை முதலில் வலித்தது. பிறகு வலிக்கவில்லை. வலிக்காமல் போனதுதான் மோசம் என்று அவளுக்குத் தெரியும்.

3:16. "கதவை உடைக்கப் பார்க்கட்டுமா? இல்ல, பேசாம உட்காரட்டுமா?"

அணைந்தது. எரிந்தது.

எந்தக் கேள்விக்குப் பதில் என்று புரியவில்லை. அண்ணி உட்கார்ந்தாள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் மாறிவிடும். "உட்கார்ந்தேன் பாரு. அதான் நான் செஞ்ச தப்பு" என்பாள். வருகிறார்கள் என்று நம்பிவிட்டாள். அந்த நம்பிக்கையில் கதவை இடிப்பதை விட்டாள். குதிப்பதை விட்டாள். தூக்கம் வந்தது. கோட்டுக்குள் வெதுவெதுப்பாகக்கூட இருந்ததாம். பாப்பா கூரையை வெட்டியிருப்பாளா என்று யோசித்தாள்.

3:27. காந்தம் விரலிலிருந்து நழுவியது. விழுந்ததே அவளுக்குத் தெரியவில்லை. 'டிங்' என்று சத்தம் கேட்டுத்தான் பார்த்தாள். உருண்டு மரப்பலகைக்கு அடியில் போய்விட்டது. குனிந்து துழாவினாள். விரல்கள் கட்டைபோல மோதின. எடுக்க முடியவில்லை.

அழுகை வந்தது.

"டேய்... நிஜமா வர்றாங்களாடா?"

விளக்கு அணைந்தது.

ஒன்று... இரண்டு... மூன்று...

எரிந்தது.

அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள்.

அரை நிமிடம் போயிருக்கும்.

அப்புறம்தான் உறைத்தது.

காந்தம் கையில் இல்லை. சேதி எதுவும் போகவில்லை. அவள் வாயால்தான் கேட்டாள். இந்த அறையில் மைக் கிடையாது. பேச்சைக் கேட்கும் சென்சார் எதையும் அவள் மாட்டவில்லை. ஆந்தை இருப்பது பதினெட்டு கிலோமீட்டருக்கு அப்பால்.

பதில் சொன்னது யார்?

அண்ணி எழுந்து நின்றாள். கதவில் முதுகை ஒட்டிக்கொண்டாள்.

மெதுவாகக் கேட்டாள்.

"நீ... ஆந்தைதானே?"

அணைந்தது. மூன்று. எரிந்தது.

"ஆந்தை இல்லையா?"

அணைந்தது. மூன்று. எரிந்தது.

எதைக் கேட்டாலும் ஆமாம். அதற்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டாள்.

"உள்ளேயா இருக்கே?"

அணைந்தது...

ஒன்று...

இரண்டு...

மூன்று...

எரிந்தது.

நாற்பதடி வழி வெறுமையாகக் கிடந்தது. பெட்டிகள். பனித்தூள். அதில் அவளுடைய காலடித் தடம் மட்டும்.

"என்னை வெளிய விட்டுடுவியா?"

3:34.

அணைந்தது.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

நான்கு...

ஐந்து...

எரியவில்லை.

கையை ஆட்டினாள். முகத்தை மூடிய துணியை இழுத்துவிட்டு முகத்தையே சென்சார் பக்கம் காட்டினாள். எரியவில்லை. கத்தினாள். எரியவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு.

சாவது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளாம்.

அந்த இருட்டில்தான் யூனிட்டின் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். கடவுள் ஞாபகம் வரவில்லை, யூனிட்டின் ஞாபகம்தான் வந்தது. ஒவ்வொரு அறைக்கும் தனி மீட்டர் வைத்திருக்கிறார் மனுஷன். எந்த அறையாவது அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் அவருடைய போனுக்கே நேராகச் சேதி போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கிய வசதி அது. ஆந்தை நிறுத்தி வைத்தது ஆபீஸ் அலாரத்தை. மீட்டரை இல்லை.

கரண்ட் இழுக்க வேண்டும். நிறைய.

அறையில் அவ்வளவு இழுக்கக்கூடியது ஒன்றுதான் உண்டு. குளிர்விக்கும் இயந்திரத்தில் பனி படிந்தால் அதை உருக்க ஒரு ஹீட்டர். அதன் சுவிட்ச் பின்சுவரில் இருக்கிறது.

நாற்பதடி. இருட்டில்.

உள்ளே இருக்கிறேன் என்று சொன்ன ஒன்றோடு.

முழங்காலில் தவழ்ந்தாள். இடது கையால் மரப்பலகைகளைத் தொட்டு எண்ணினாள். ஒன்று. இரண்டு. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு பலகைகள். மூன்று. நான்கு. தன் மூச்சு தவிர வேறு மூச்சு கேட்கிறதா என்று கவனிக்கக் கூடாது என்று நினைத்தாள். கவனித்தாள். கேட்கவில்லை. ஐந்து. ஆறு.

டொக்.

நின்றாள்.

டொக்... டொக்...

கதவு. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். வந்துவிட்டார்கள்!

"இங்க இருக்கேன்! உள்ள இருக்கேன்!"

டொக்... டொக்... டொக்...

திரும்பி நான்கு அடி தவழ்ந்தாள். சட்டென்று கையை நிறுத்திக்கொண்டாள்.

கதவு ஒரு சாண் தடிமன். வெளியிலிருந்து தட்டினால் 'தொப்' என்று பஞ்சில் குத்துவதுபோல மங்கலாகத்தான் கேட்கும். இது மங்கலாக இல்லை. தகட்டில் விரல் முட்டி படும் சத்தம். பளிச்சென்று.

உள்பக்கத் தகட்டில்.

சற்றுமுன் அவள் முதுகை ஒட்டி நின்ற இடத்தில்.

டொக்... டொக்... டொக்...

வாயைப் பொத்திக்கொண்டாள். கத்திவிட்டாளே. உள்ளே இருக்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டாளே.

பின்னால் போகவும் முடியாது. முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது.

தவழ்ந்தாள். ஏழு. எட்டு. ஒன்பது. எண் தப்பியது. பெட்டியின் மூலை கன்னத்தைக் கிழித்தது. பத்து. பதினொன்று.

சுவர்.

சுவிட்ச் எட்டவில்லை. விரல்கள் வேலை செய்யவில்லை. எழுந்து நெற்றியால் முட்டி முட்டி அதைத் தேடினாள். பிளாஸ்டிக் மூடி. பல்லால் கவ்வித் திறந்தாள். முழங்கையால் இடித்தாள்.

'க்ளக்.'

3:43. மீட்டர் பதிவில் கரண்ட் ஏழு மடங்காக எகிறியது அந்த நிமிடத்தில்தான்.

மேலே ஹீட்டர் கம்பிகள் மெல்லச் சிவந்தன. மங்கலான சிவப்பு வெளிச்சம். அடுப்பில் தணல் அளவுதான்.

கதவு தெரிந்தது.

அங்கே யாரும் இல்லை.

டொக்... டொக்... டொக்...

யாரும் இல்லாத கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது.

அண்ணி தலை குனிந்தாள். தன் காலுக்குப் பக்கத்தில், மூலையில், தரையைப் பார்த்தாள். எங்கும் வெள்ளையாகப் படிந்திருந்த பனித்தூள் அந்த ஓரிடத்தில் மட்டும் படியவில்லை. ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எவ்வளவு இடம் வேண்டுமோ, அவ்வளவு இடம்.

அதற்குமேல் அவளுக்கு ஞாபகம் இல்லை.

மற்றது எங்களுக்குத் தெரியும். யூனிட் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து போனைப் பார்த்தார். 3:49க்கு ஆந்தையைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை அதுவுமா எவன்யா ஆறாம் ரூம்ல ஹீட்டர் போட்டவன்? உங்க அப்பன் வீட்டுக் கரண்டா?" என்று கத்தினார். ஆந்தை அப்போதுதான் அண்ணி இன்னும் போன் செய்யவில்லை என்பதைக் கவனித்தான். திரையைக் கீழே தள்ளிப் பார்த்தான். நாற்பத்தொரு வரிகள். காவலாளிக்குப் போன் போட்டான். அவர் ஓடினார். 3:55க்குக் கதவு திறந்தது.

அண்ணி ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாள். வலது கையில் இரண்டு விரல்களின் நுனி போய்விட்டது. பாப்பா அட்டை வீட்டை அங்கேயே கொண்டுவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். கூரை கோணல்தான். யூனிட் பழப்பையோடு வந்து பார்த்தார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கஞ்சத்தனம்தான் சார் என்னைக் காப்பாத்துச்சு" என்றாள். மனிதருக்குச் சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆந்தை வந்து அழுதான். "அக்கா, சத்தியமா நான் லைட்டைத் தொடவே இல்ல. மூணேகாலுக்குத்தான் சாப்பிட்டே வந்தேன். ஆறாம் ரூமைப் பாக்கவே இல்லக்கா." பதிவைக் காட்டினான். அன்று மதியம் அந்த விளக்குக்கு ஆபீஸிலிருந்து ஒரு கட்டளைகூடப் போகவில்லை.

விளக்கு அணைந்து அணைந்து எரிந்ததை அண்ணி அவனிடமும் எங்களிடமும் சொன்னாள். அது மட்டும்தான் சொன்னாள். குளிரில் மூளை குழம்பினால் இப்படியெல்லாம் தோன்றும் என்று டாக்டர் சொன்னார். நாங்களும் அதோடு விட்டோம். நம்புவதற்கு அது வசதியாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அந்தக் காவலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையை விட்டுவிட்டாராம். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"லைட்டு அணைஞ்சு மூணு எண்ணினப்புறம் எரிஞ்சுதுன்னு உங்க ஆபீஸ் தம்பி சொன்னான். நெசமாம்மா?"

அண்ணி தலையசைத்தாள்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். பதினோரு வருடங்களுக்கு முன்னால், அவர் அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலம். கூட வேலை செய்தவன் உள்ளே இருப்பது தெரியாமல் ஆறாம் அறையைப் பூட்டிவிட்டார்கள். சாவி மேனேஜரிடம். மேனேஜர் எங்கேயோ கல்யாணத்தில். அப்போது விளக்கு சுவிட்ச் கதவுக்கு வெளியே இருந்தது.

"அவன் கத்தறது எனக்குக் கேக்கல. கதவுல காதை வச்சா தட்டறது மட்டும் கேக்கும். நான் சொல்றது அவனுக்குக் கேக்காது. என்னம்மா பண்றது? அவன் தட்டுறப்பல்லாம் லைட்டை அணைச்சு, மூணு எண்ணி, போட்டேன். இருக்கேன்டா, வந்துடுவோம்டான்னு அர்த்தம். அவனுக்கும் புரிஞ்சிருச்சு. தட்டுவான். நான் அணைச்சுப் போடுவேன். ரெண்டு மணி நேரம்."

"அப்புறம்?"

"ஒரு தடவை அணைச்சேன். எண்ணிக்கிட்டு இருக்கேன். சாவி வந்துருச்சுன்னு யாரோ வாசல்ல கத்தினாங்க. அப்படியே விட்டுட்டு ஓடினேன். ஓடிப் போய்ப் பாத்தா அது வேற சாவி. திரும்ப ஆள் அனுப்பிச் சரியான சாவியைக் கொண்டாந்து தொறக்கறதுக்குள்ள..."

மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"லைட்டைத் திரும்பப் போடணும்னே எனக்குத் தோணலம்மா. கடைசில அவன் இருட்டுலதான் இருந்தான். பின்னாடி மூலையில."

உள்ளே பாப்பா டிவி பார்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"இன்னொண்ணு கேக்கணும். தப்பா நினைக்காதீங்க. அன்னிக்கு நான் ஓடி வந்தப்போ, வெளிய கதவுகிட்ட நின்னு தாழை எடுக்கறேன், உள்ள தட்டற சத்தம். நீங்கதான்னு நினைச்சேன். 'வந்துட்டேம்மா'ன்னு சொல்லிக்கிட்டேதான் இழுத்தேன். கதவு தொறக்கற வரைக்கும் அந்தச் சத்தம் நிக்கல. தொறந்து பாத்தா கதவுகிட்ட யாரும் இல்ல. நீங்க அந்தக் கோடியில ஹீட்டருக்குக் கீழ கிடந்தீங்க."

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. தட்டிய சத்தத்தைப் பற்றி அவள் அதுவரை எங்கள் ஒருவரிடமும் வாய் திறந்திருக்கவில்லை. அன்றிரவுதான் அண்ணனிடமும் என்னிடமும் சொன்னாள்.

"மூணு மூணாத் தட்டுச்சு" என்றார் காவலாளி. "எனக்கு அந்தத் தட்டு தெரியும்மா."